காது டாக்டர் விலாசம்

கோலா கிளாவாங்,
4.3.2024

அன்புள்ள நல்லசாமி அவர்களுக்கு,

புக்கிட் செராயா எண்ணெய் மில்லில் தலைமைக் கிராணியாக இருந்து சம்பளக் கணக்கு எழுதிய ஜீவானந்தன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். ஐந்து வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

எனக்குக் காது கேட்பதில்லை. தீபாவளிக்குப் பிறகு வலது காது அடைத்துக்கொண்டது. இடது காதும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே எந்நேரமும் ஓர் இரைச்சல். என் ஆபீஸ் அறைக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் அந்தச் சுவரோடு உட்கார்ந்திருந்தேன். ஆகவே இது மில் கொடுத்த நோய். சொக்சோ தொழிலாளர் காப்புறுதியில் எனக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மகள் தர்ஷிகா இங்கே ஆசிரியை, அவளோடுதான் இருக்கிறேன். சிரம்பானில் மூன்று காது மூக்கு தொண்டை டாக்டர்களுக்கு அவள் போன் போட்டுப் பார்த்தாள். கையில் காசென்றால் வாருங்கள், சொக்சோ கடிதம் எடுப்பதில்லை என்று மூன்று இடத்திலும் சொல்லிவிட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நவம்பருக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "முதலில் இங்கே இருக்கிற கிளினிக்கில் காட்டுங்கப்பா" என்கிறாள். சாதாரண கிளினிக் டாக்டர் எழுதித் தந்தால் காப்புறுதிக்கு எடுபடுமா? நிபுணர் கையெழுத்து வேண்டாமா?

போன வாரம் மில் லோரி ஓட்டிய மகேந்திரனைக் காய்கறிப் பாசாரில் பார்த்தேன். உங்களுக்குச் சொக்சோ உதவி கிடைத்துவிட்டதாகவும், அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளும் காது டாக்டர் ஒருவர்தான் உங்களைப் பார்த்தார் என்றும் எழுதிக் காட்டினார். அந்த டாக்டரின் பெயரும் விலாசமும் தெரிவித்தால் பெரிய உபகாரம். போன் வேண்டாம். எடுத்தாலும் எனக்குக் கேட்காது, உங்களுக்கும் அப்படித்தான் என்று அறிகிறேன்.

பழையதை மனத்தில் வைத்திருக்கமாட்டீர்கள் என்று நம்பும்,
ஜீவானந்தன்


லிங்கி,
12.3.2024

கிராணி ஐயாவுக்கு நல்லசாமி எழுதிக்கிறது.

உங்க சூராட் கெடச்சுச்சு. மூணு தடவ படிச்சேன். 'அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கீங்க. மில்லுல இருந்தப்ப 'டேய் செவிடா'ன்னுதான் கூப்புடுவீங்க, அதுவும் பின்னால நிக்கிறவன் என் முதுகத் தட்டிச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும். சந்தோசம்லா.

கோலா பிலா போங்க. பஸ் ஸ்டேசனுக்குப் பின்னால கடவீடு வரிசை, மூணாவது மாடி. காது டாக்டர்னு போர்டு இருக்கும். செவ்வாக்கெழம காலைல எட்டு மணிக்கே போயிருங்க. படி செங்குத்தா இருக்கும், பாத்து ஏறுங்க. ஐசி கார்டு, சொக்சோ சூராட் ரெண்டையும் எடுத்துக்குங்க. கவுண்டர்ல சத்தமா கேளுங்க, வெக்கப்படாதீங்க.

வாட்ஸாப்பெல்லாம் என்கிட்ட இல்ல. இப்புடியே எழுதுங்க. காகிதத்துல இருந்தா அழியாது.

நல்லசாமி


கோலா கிளாவாங்,
20.3.2024

அன்புள்ள நல்லசாமி அவர்களுக்கு,

நேற்று கோலா பிலா போய் வந்தேன். இங்கிருந்து சிரம்பான், சிரம்பானிலிருந்து கோலா பிலா, இரண்டு பஸ். தர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம், ஆகவே தனியாகத்தான் போனேன். மூன்று மாடியும் ஏறி முடித்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது.

கவுண்டரில் இருந்த பெண் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. மூன்று தடவை "என்ன?" என்றேன். அவள் ஒரு தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் 'சொக்சோ எடுப்பதில்லை. மூன்று வருடமாக எடுப்பதில்லை' என்று மலாயில் எழுதி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். ஒரு பையன் சிரித்தான். ஆயிரம் பேருக்குச் சம்பளச் சீட்டு எழுதிய என்னை ஒரு சின்னப் பெண் அப்படி நிற்க வைத்தாள்.

நீங்கள் மறந்திருக்கலாம், அல்லது அங்கே பழக்கம் மாறியிருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. சரியான விலாசத்தை யோசித்து எழுதுங்கள்.

ஜீவானந்தன்


லிங்கி,
27.3.2024

கிராணி ஐயாவுக்கு,

ஐயய்யோ, அப்புடியா ஆச்சு. மாறிருச்சு போல.

கெமாஸ் போங்க. ரயில் ஸ்டேசன்லருந்து நடந்து போற தூரம்தான். வெளியூர் டாக்டர், வியாழக்கெழம மட்டும் வருவாரு. ஆனா அவரு முதலாளி பக்கம் கையெழுத்து இல்லாம தொடமாட்டாரு. அதுக்கு ஒரு போராங் இருக்கு. மில்லு ஆபீசுக்குப் போயி அத நெரப்பி, முத்திர குத்தி வாங்கிக்கிட்டு அப்பறம் கெமாஸ் போங்க.

உங்க ஆபீசுதானலா. உங்களுக்கு யாரு இல்லன்னு சொல்லப் போறா.

நல்லசாமி


கோலா கிளாவாங்,
20.4.2024

நல்லசாமி,

மில்லுக்கு மூன்று தடவை போனேன். என் நாற்காலியில் இப்போது ரோகினி என்று ஒரு பெண். நான் யார் என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் நிற்கச் சொன்னாள். முதல் தடவை மேனேஜர் இல்லை. இரண்டாவது தடவை முத்திரை பூட்டிக் கிடக்கிறதாம். மூன்றாவது தடவை கையெழுத்துப் போட்டுத் தந்தாள். காரணம் என்ற இடத்தில் 'ஆபீஸ் ஊழியர், இரைச்சல் இல்லாத இடம்' என்று எழுதியிருந்தது. அந்தச் சுவரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

அன்றைக்கே உங்கள் வீட்டுக்கும் வந்தேன். கதவைத் தட்டினேன், கேட்டை ஆட்டினேன். நீங்கள் திறக்கவில்லை.

வியாழக்கிழமை கெமாஸ் போனேன். அந்த கிளினிக்கின் இரும்புக் கதவு துருப்பிடித்துக் கிடக்கிறது. பக்கத்துக் காப்பிக்கடைக்காரர் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: அந்த டாக்டர் வருவதை நிறுத்தி மூன்று வருடமாகிறதாம். அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினார். 'அப்போது உங்களைப் போலவே காது கேட்காத ஒரு தமிழர் வந்து இந்தக் கதவை ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன்.'

நேராகவே கேட்கிறேன். அந்த ஆள் நீங்களா? வேண்டுமென்றுதான் என்னை அனுப்பினீர்களா?

ஜீவானந்தன்


லிங்கி,
26.4.2024

ஆமா. நாந்தான். வேணும்னுதான் அனுப்புனேன். இனிமே ஐயா கெடையாது.

நான் போன எடத்துக்கெல்லாம் உன்னையும் போக வெச்சேன், அதே வரிசைல. காது போச்சுன்னு உன்கிட்ட வந்து நின்னப்ப 'கோலா பிலா போடா, அங்க பாப்பாங்க'ன்னு சொன்னது நீதான். அதே மூணு மாடிதான் ஏறுனேன். மொத நாளு எறக்கத்துல விழுந்து முட்டி பேந்துச்சு. பொறவு போராங்குல கையெழுத்துக்கு நீ என்னய அஞ்சு தடவ வர வெச்ச. உன்னய மூணு தடவதான் அலைய விட்டாங்க. அது எனக்குக் கொறதான்.

அஞ்சாவது தடவ கையெழுத்துப் போட்டு, கீழ இங்கிலீசுல ஒரு வரி எழுதுன. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். அதத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போனேன். டாக்டருங்க படிப்பாங்க, என் மொகத்தப் பாப்பாங்க, தலைய ஆட்டுவாங்க. கடசில ஒரு டாக்டர்தான் அத மலாயில எழுதிக் காட்டுனாங்க. 'இந்த ஆள் கோயிலில் உருமி அடிப்பவர். காது போனதற்கு அதுவே காரணம்.' நான் என்னைக்குடா உருமி தொட்டேன்? எங்க அண்ணன்தான் அடிக்கும். திருவிழாவுல நான் மோர் ஊத்துறவன். உனக்கே எத்தன கிளாஸ் ஊத்திருக்கேன்.

2014ல மில்லுக்கு காது டெஸ்ட் பண்ற வேன் வந்துச்சு. எங்க பதினோரு பேர பொட்டிக்குள்ள ஒக்கார வெச்சு, காதுல மாட்டி டெஸ்ட் பண்ணாங்க. முடிவு என்னன்னு ஒரு மாசம் கழிச்சு உன்கிட்ட கேட்டேன். 'எல்லாம் ஓகே, போய் வேலையப் பாரு.' அதுக்குப் பொறவு அஞ்சு வருசம் கொட்ட ஒடைக்கிற மெசினுக்குப் பக்கத்துல நின்னேன். 2019ல லோடர் வண்டிக்காரன் பின்னால வந்து ஹாரன் அடிச்சிருக்கான், கேக்கல. தோள்பட்ட போச்சு. கவனக்கொறவுன்னு வேலைய விட்டு அனுப்புனீங்க.

இன்னொன்னு உனக்குத் தெரியாது. 2022 பிப்ரவரி, மத்தியானம் மூணு மணி. என் பொண்டாட்டி செல்லம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. நான் ஹால்ல ஒக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன். அவ கூப்புட்டிருக்கா. ரெண்டு வீடு தள்ளி இருக்கிற மலாய்க்காரம்மாவுக்குக் கேட்டு, ஓடியாந்து என்னயத் தாண்டி உள்ள போனாங்க. எதையோ எடுக்க வந்திருக்காங்கன்னு நான் அவங்களப் பாத்துச் சிரிச்சேன். சிரிச்சேன்டா.

பதினோரு நாளு ஆஸ்பத்திரில இருந்துட்டு போயிட்டா. 'எவ்ளோ கூப்புட்டேன் தெரியுமா'ன்னு அவ வாய் அசஞ்சது மட்டும் எனக்குத் தெரிஞ்சுச்சு.

நீ வந்து கதவத் தட்டுனது கேக்கல. ஆனா ஜன்னல்ல பாத்தேன். நீ போற வரைக்கும் ஒக்காந்து டீ குடிச்சேன்.

நான் போன எடம் இன்னும் நாலு இருக்கு. அதுக்கும் உன்னய அனுப்பலாம்னுதான் இருந்தேன். அந்தக் காப்பிக்கடக்காரன் கெடுத்துட்டான். அந்த டாக்டர் பேரு உனக்குக் கெடைக்காது.

நல்லசாமி


கோலா கிளாவாங்,
6.5.2024

நல்லசாமி,

உங்கள் மனைவி காலமானது எனக்குத் தெரியாது.

அந்தக் காது டெஸ்டின் முடிவு, ஆளுக்கு ஒன்றாகப் பதினோரு கடிதமும் என் மேசைக்குத்தான் வந்தன. உடனே இரைச்சல் இல்லாத வேலைக்கு மாற்றவேண்டும் என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. மேனேஜரிடம் கொண்டுபோனேன். பதினோரு பேரையும் மாற்றினால் யார் மெஷினில் நிற்பது, உள்ளே வை என்றார். வைத்தேன். நான் சம்பளத்துக்கு இருந்தவன். வேறு என்ன செய்திருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அந்த உருமி வரியை மேனேஜர் சொல்லவில்லை. அது என்னுடையது. இந்த இடத்தில் நான்கு தடவை எழுதி அடித்துவிட்டேன். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். அதற்கு முந்தின வருடம் சம்பள ஜன்னலில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, ஓவர்டைம் விஷயமாக யூனியனைக் கூட்டிவந்து என்னை 'திருட்டுக் கிராணி' என்றீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வரியை எழுதும்போது எனக்கு அது ஞாபகம் இருந்தது. எழுதி முடித்ததும் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பதினோரு கடிதமும் என்னிடம் இருக்கின்றன. எப்போதாவது பழியை என் மேல் போடுவார்கள் என்று பயந்து, ஓய்வு பெற்றபோது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மற்றப் பத்துப் பேருக்கும் இப்போது கையில் ஒரு காகிதமும் இல்லை என்று மகேந்திரன் சொன்னார்.

டாக்டரின் பெயரைக் கொடுங்கள். கடிதங்களை அனுப்புகிறேன்.

ஜீவானந்தன்


லிங்கி,
13.5.2024

ஜீவானந்தா,

பொண்டாட்டி செத்தது தெரியாதுன்னு ஒரு வரி. அதுக்கு அடுத்த பக்கத்துல யாவாரம்.

உன் சூராட்ட எடுத்துக்கிட்டுப் போயி குமுதவல்லிகிட்ட காட்டுனேன். பதினோரு பேர்ல அவளும் ஒருத்தி, பிரஸ் மெசின் பக்கம் தரயக் கூட்டிக்கிட்டு இருந்தா. மில்ல விட்டுட்டு ஒரு டாக்டர் வீட்டுல புள்ள பாக்கப் போனா. தொட்டில்ல புள்ள அழுதது கேக்கலன்னு ஒரே வாரத்துல அனுப்பிட்டாங்க. அவ படிச்சிட்டு, 'குடுக்கலாம், ஆனா சும்மா குடுக்காத'ன்னா. அதனால கேட்டுக்க.

பதினோரு சூராட்டும் மொதல்ல எனக்கு வரணும். ஜெராக்ஸ் வேணாம், ஒரிஜினல். அதோட உன் கைப்பட எழுது, தமிழ்ல ஒன்னு, மலாயில ஒன்னு. எந்த வருசம் வந்துச்சு, யாரு உள்ள வைக்கச் சொன்னா, எவ்வளவு நாளு வெச்சிருந்த, உருமின்னு எழுதுனது யாரு, ஏன். கீழ கையெழுத்து, ஐசி நம்பர். எல்லாம் கைக்கு வந்த பொறவுதான் பேரு.

மன்னிப்புன்னு ஒரு வார்த்த கூட எழுதாத. செல்லம் பேர உன் பேனா தொடக்கூடாது.

நல்லசாமி


கோலா கிளாவாங்,
24.5.2024

நல்லசாமி,

இத்துடன் பதினோரு கடிதமும், கேட்டபடி நான் எழுதிய இரண்டு தாளும் இருக்கின்றன. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மலாயில் எழுதியதைப் பிழை பார்க்கத் தர்ஷிகாவிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக்கூடாது. ஒரு பிழையை மட்டும் திருத்தி மேசையில் வைத்தாள். இரண்டு நாளாக அவள் வாய் அசையவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

மேனேஜர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். அவர் வக்கீல் வைப்பார். என்னிடம் யாரும் இல்லை. இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காதுக்குள் மில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அது நின்றால் போதும் என்றுதான் எல்லாவற்றையும் கொடுக்கிறேன்.

என் மகளை இதில் இழுக்காதீர்கள். விலாசத்தை அனுப்புங்கள்.

ஜீவானந்தன்


லிங்கி,
31.5.2024

ஜீவானந்தா,

வந்து சேந்துச்சு. எண்ணிப் பாத்தேன், பதினொன்னும் இருக்கு. என் பேரு போட்டதுல 'அவசரம்'னு செகப்பு முத்திர. பத்து வருசம் அதுக்கு மேல நீ ஒக்காந்திருக்க.

தம்பின் டவுனுக்குப் போ. பொம்பள டாக்டர், பேரு ஐசா. பாசார் பக்கம் கீழ்த்தளம்தான், படி ஏற வேணாம். புதன்கெழம மட்டும் காப்புறுதிக்காரங்களப் பாப்பாங்க. ஒரு நாளைக்குப் பன்னெண்டு நம்பர்தான். உருமி வரிய எனக்கு மலாயில எழுதிக் காட்டுனது அவங்கதான்.

ஜூன் பன்னெண்டு வா. நாங்க பதினோரு பேரும் காலைல ஏழு மணிக்கே வந்து நம்பர் எடுத்துருவோம். கடைசி நம்பர் உனக்கு. மகேந்திரன் வேன் ஓட்டுறாரு, உனக்கு அதுல எடம் இல்ல. நர்ஸ் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. உனக்குக் கேக்காது. எங்க யாருக்கும் கேக்காது. கேட்டாலும் யாரும் உன் தோளத் தட்ட மாட்டோம்.

நல்லசாமி


கோலா கிளாவாங்,
15.6.2024

நல்லசாமி,

நான் வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் குமுதவல்லி தன் பையை வைத்தாள். சுவரோரமாக நின்றேன். ஒன்பது மணியிலிருந்து ஒன்றரை வரை நின்றேன். பதினோரு பேரும் உள்ளே போய், ஆளுக்கு ஒரு காகிதத்தோடு வெளியே வந்தீர்கள். வேன் வரவேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியில் நர்ஸே வந்து என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. டாக்டர் இரண்டு காதிலும் விளக்கு அடித்துப் பார்த்தார். பஞ்சுக்குச்சி போடுகிற பழக்கமா என்று எழுதிக் கேட்டார். முப்பது வருடமாகத் தினமும் என்றேன். இரண்டு காதிலும் அழுக்கைத் தள்ளித் தள்ளிக் கல்லாக்கி, அதில் பூசணமும் பிடித்துவிட்டதாம். ஒரு குழாயை வைத்து உறிஞ்சி எடுத்தார். அரை மணி நேரம். முதலில் அந்தக் குழாயின் சத்தம் கேட்டது. பிறகு மின்விசிறி. பிறகு நர்ஸின் செருப்பு. டெஸ்ட் பண்ணிவிட்டு, "உங்கள் வயசுக்கு நல்ல காது. மில் இரைச்சல் ஒன்றும் செய்யவில்லை. இதற்கு என்னிடம் வந்திருக்கவே வேண்டாம், கோலா கிளாவாங் கிளினிக்கிலேயே எடுத்திருப்பார்கள்" என்றார். அவர் எழுதவில்லை, சொன்னார். எனக்குக் கேட்டது.

வெளியே வந்தேன். நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். காது கேட்காதவர்கள் எவ்வளவு உரக்கப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. குமுதவல்லி "அந்த மூஞ்சியப் பாரேன், பாவம்னு நெனச்சிராதீங்க" என்றாள். ஒருவர் என் மகள் பெயரைச் சொல்லி, அவள் என் சோற்றைத் தின்று வளர்ந்தவள்தானே என்றார். நீங்கள் சொன்னதையும் கேட்டேன். "இவன் மக விழுந்து கெடந்து அப்பான்னு கத்தணும். இவன் பக்கத்து ரூம்ல வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கணும். அது போதும் எனக்கு."

நான் உங்களுக்கு நடுவேதான் நடந்து வந்தேன். கேட்டது என்று யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து தர்ஷிகாவிடம் காது வந்துவிட்டது என்றேன். அவள் என்னிடம் முதலில் பேசியது இதுதான். "அந்த உருமி வரி, உண்மையிலேயே நீங்க எழுதினதாப்பா?"

நல்லசாமி, எனக்குத் தேவையே இல்லாத ஒரு விலாசத்துக்காக என்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பதினோரு கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், அவை உங்களுடையவை. என் கையால் எழுதிய இரண்டு தாளை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஜீவானந்தன்


லிங்கி,
22.6.2024

ஜீவானந்தா,

உனக்குக் காது வந்துருச்சு. அந்த எடத்தப் படிச்சதும் காகிதத்தக் கசக்கி எறிஞ்சுட்டேன். பொறவு எடுத்து நிமித்தி, மிச்சத்தப் படிச்சேன். எங்க காதெல்லாம் போக விட்டவனுக்கு அழுக்கெடுத்தா சரியாப் போச்சு. செல்லம் படத்துக்கு முன்னால ஒக்காந்து அவகிட்டயே கேட்டேன், இது என்ன நியாயம்னு. அவ என்ன சொல்லிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

நான் சொன்னதக் கேட்டுட்டேன்னு எழுதிருக்க. மனசுக்குள்ள சொன்னதாத்தான் நெனச்சேன். சத்தமா வந்துருக்கு. வரட்டும். உன் மக மேல எனக்கு ஒன்னும் இல்ல, அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும். அதுக்கு நான் சொன்னத மாத்திக்கிறேன்னு அர்த்தம் இல்ல.

உன் ரெண்டு தாளும் என்கிட்ட இல்ல. தம்பினுக்குப் போறதுக்கு முந்துன வாரமே தொழிலாளர் இலாகாவுல குடுத்து முத்திர வாங்கிட்டோம். டாக்டர் எழுதிக் குடுத்த பதினோரு காகிதமும் இப்ப அதோட சேந்துருச்சு. ஜூலை ஒம்போது, காலைல பத்து மணிக்கு விசாரண. உனக்கும் மேனேஜருக்கும் சூராட் வந்துக்கிட்டு இருக்கு.

எங்களுக்குக் கேக்காதுன்னு ஒருத்தர ஒக்கார வெச்சு, எல்லாத்தையும் எழுதிக் காட்டுறோம்னு சொல்லிருக்காங்க. உனக்கு அப்புடி யாரும் தேவையில்ல. குமுதவல்லி எந்திரிச்சுக் கேப்பா. நான் கேப்பேன். எங்களுக்கு மெதுவாப் பேசத் தெரியாது. ஒரு வார்த்த விடாம உனக்கு நல்லாக் கேக்கும்.

நல்லசாமி